சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கூடாரத்தோடு சைக்கிள் பயணம்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தூர சைக்கிள் பயணம் போக வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பெரும்பாலோர் கூடாரம், பை, விளக்கு என்று பொருள்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பொருள் வாங்குவது கடைசி வேலை. எந்த மாதத்தில் போகிறோம், எந்தத் திசையில் போகிறோம், ஒவ்வொரு நாளும் இரவு எங்கே படுக்கப் போகிறோம் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்தால், எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதில் பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். இந்தக் கட்டுரை சென்னையிலிருந்து கடற்கரையை ஒட்டிக் கன்னியாகுமரி வரை செல்லும், ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தொலைவுள்ள பாதையை எடுத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே செல்கிறது. மலையேற்றம் இல்லாததும், ஊர்கள் நெருக்கமாக இருப்பதும், வழி நெடுகத் தமிழிலேயே பேசிக் கேட்டுக்கொள்ள முடிவதும் இந்தப் பாதையைப் புதியவர்களுக்கு ஏற்றதாக ஆக்குகின்றன.

காலமும் காற்றும்

இந்தப் பாதைக்கு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரையே உகந்த காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் கடலோரத்தைப் பிடித்துக்கொள்கின்றன; 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது அந்தப் பகுதியின் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பதை அறிந்தவர் எவரும் அந்த மாதங்களில் கூடாரம் போட்டுப் படுக்க நினைக்க மாட்டார். மார்ச்சுக்குப் பிறகு வெயில் உடலை வாட்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து தென்கோடி மாவட்டங்களில் எவ்வளவு வலுவாக வீசும் என்பதற்கு முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளே சான்று. எதிரிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும் அந்தக் காற்றில் சுமையேற்றிய சைக்கிளை ஓட்டுவது, செங்குத்து மேடு ஏறுவதைவிடக் கடினமானது. மேட்டுக்கு உச்சி உண்டு, காற்றுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே வடக்கிலிருந்து தெற்காகச் செல்வதே சரி. சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை சாலை தெற்கு நோக்கியும், அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் மேற்கு நோக்கியும், மணமேல்குடியைத் தாண்டியபின் தென்மேற்காகவும் திரும்புவதால், பெரும்பாலான நாள்களில் காற்று முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோதான் இருக்கும். இதே பயணத்தைக் கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே வந்தால் ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் குறையும். தென்கோடியில் தொடங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருந்தாலும், முதல் பயணத்தில் காற்றின் சொல்லைக் கேட்பதே நல்லது.

நாளொன்றுக்கு எவ்வளவு தூரம்

வெறும் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை காலை 80 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கூடச் சுமையோடு நாளுக்கு 60 கிலோமீட்டர் என்றே கணக்கிட வேண்டும். ஒரு நாள் ஓட்டிவிடுவது பெரிதல்ல. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே உடலோடு எழுந்து ஓட்ட வேண்டும் என்பதே நெடும்பயணத்தின் கணக்கு. சுமையோடு சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கொண்டால் 60 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் ஆகும்; தேநீர், தண்ணீர், வழி கேட்டல், பஞ்சர் எல்லாம் சேர்ந்தால் ஏழு மணி நேரம் ஓடிவிடும். ஜனவரியில் ஆறரை மணியளவில் சூரியன் உதித்து மாலை ஆறு மணியளவில் மறைகிறது. விடிந்தவுடன் புறப்பட்டு, பதினோரு மணிக்குள் தூரத்தின் பெரும்பகுதியை முடித்து, மூன்று மணி வரை நிழலில் இருந்து, மிச்சத்தை நான்கரை மணிக்குள் ஓட்டி முடிப்பது வசதியான முறை. இருட்டிய பின் சாலையில் இருக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கில் 750 கிலோமீட்டருக்குப் பதின்மூன்று ஓட்ட நாள்கள் வேண்டும். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை முழு ஓய்வு நாள் வைத்துக்கொண்டு, மழைக்கோ பழுதுக்கோ ஒரு நாளையும் சேர்த்து, 16 நாள் விடுப்பு எடுப்பது நிம்மதியானது. பாண்டிச்சேரி, வேளாங்கண்ணி, இராமநாதபுரம் ஆகிய மூன்றும் ஓய்வுக்கு ஏற்ற ஊர்கள். மூன்றிலும் எல்லா விலைக்கும் அறைகள் உண்டு, துணி துவைத்துக் காயப்போடலாம், அவற்றிலோ பக்கத்து ஊரிலோ சைக்கிள் கடையும் கிடைக்கும்.

முதல் இரண்டு நாள்களில்தான் போக்குவரத்து மிகுதி. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறுகளில் வேகமாக ஓட்டும் கார்களும் இருசக்கர வாகனங்களும் நிறைந்திருக்கும் என்பதால், செவ்வாய் அல்லது புதன்கிழமையில் புறப்படுங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதி வருகிறது. அங்கும் பயணத்தின் இறுதியில் வரும் கூடங்குளத்திலும் சாலையோரம் நின்று படம் எடுப்பதோ தங்க இடம் தேடுவதோ கூடாது. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் பாண்டிச்சேரி சேர்ந்தபின் கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று ஊர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தடுத்து வரும். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அதைக் காண அரை நாளையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். முத்துப்பேட்டைக்குப் பிறகு மக்கள் நெருக்கம் குறையத் தொடங்கும். இராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி வரையிலான ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான் இந்தப் பாதையின் வறண்ட பகுதி. அதை ஒரே நாளில் கடக்க முயலாமல் இரண்டாகப் பகுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரி வந்துவிடும்.

இரவில் எங்கே தங்குவது

கூடாரம் கையில் இருந்தால் எங்கு வேண்டுமானாலும் படுக்கலாம் என்ற எண்ணம் தவறு. நம் கடற்கரையில் ஆளில்லாத இடம் என்று எதுவும் இல்லை. ஆளில்லாததுபோல் தோன்றும் மணல்வெளிகூட ஒரு மீனவ ஊரின் பொதுவிடமாகவோ, வனத்துறையின் காப்புக்காடாகவோ, ஒருவரின் சவுக்குத்தோப்பாகவோதான் இருக்கும். ஆகவே மறைந்து தங்குவதைவிட, கேட்டுத் தங்குவதே பாதுகாப்பு. நான்கரை மணிக்கே ஊருக்குள் நுழைந்து, டீக்கடையில் சைக்கிளை நிறுத்தி, ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். "அண்ணே, சென்னையிலேருந்து சைக்கிள்லயே கன்னியாகுமரி போயிட்டிருக்கேன். ராத்திரி டென்ட் போட்டுப் படுக்க இடம் வேணும். யாரைக் கேக்கணும்?" என்று நேராகக் கேட்டால் போதும். இடம் இருக்கிறதா என்று கேட்பதைவிட யாரைக் கேட்க வேண்டும் என்று கேட்பது நல்லது. பொறுப்பில்லாத ஒருவர் தலையாட்டிவிட்டு, இரவு பத்து மணிக்குப் பொறுப்புள்ளவர் வந்து எழுப்பும் நிலை அப்போது வராது.

மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரையும், மற்ற ஊர்களில் ஊராட்சித் தலைவரையும் பார்க்க வேண்டியிருக்கும். கோயில் மண்டபம், தேவாலய வளாகம், தர்கா, பள்ளிக்கூடத் திண்ணை, பெட்ரோல் பங்க் ஆகியவை எல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடிய இடங்கள். பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியரிடம் தொலைபேசியிலாவது கேட்டுவிட்டு, காலையில் பிள்ளைகள் வருமுன் இடத்தைப் பெருக்கிவிட்டுப் புறப்படுங்கள். பெட்ரோல் பங்கில் இரவு முழுதும் வெளிச்சமும் ஆளும் கழிப்பறையும் இருப்பதால் தனியாகச் செல்பவருக்கு அது நல்ல இடம். ஆனால் லாரிகள் நிற்கும் பகுதியிலிருந்து விலகி, சுவரோரமாகக் கூடாரம் போட வேண்டும். தனியாகச் செல்லும் பெண்கள் கூடாரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கோயில் விடுதிகளையும் தேவாலய விடுதிகளையும் முதன்மையாக நம்புவது சரியாக இருக்கும். நாகூர், வேளாங்கண்ணி, திருச்செந்தூர் போன்ற ஊர்கள் யாத்திரிகர்களுக்கு இடம் கொடுத்துப் பழகியவை. தைப்பூசத்தையொட்டித் திருச்செந்தூர்ச் சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் செல்லும் நாள்களில் அன்னதானப் பந்தல்களும் இரவு வெளிச்சமும் இருக்கும், ஆனால் ஊருக்குள் அறை கிடைக்காது என்பதை நாள்காட்டியைப் பார்த்து முன்னரே தெரிந்துகொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இலங்கை நெருங்குவதால் கடலோரக் காவல் குழுமத்தினரின் கண்காணிப்பு உண்டு. அறிமுகமில்லாத ஒருவர் பைகளோடு கடற்கரையில் படுத்திருந்தால் விசாரிப்பார்கள், விசாரிக்கவும் வேண்டும். ஆதார் அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, பகலிலேயே உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயரைச் சொல்லிவிட்டால் இரவில் தொந்தரவு இருக்காது. கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியின்றித் தங்க முடியாது. ஆகவே பகலில் பறவைகளைப் பார்த்துவிட்டு வேதாரண்யத்துக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்தவர்களுக்கு யாரும் சோறும் இடமும் தரக் கூடாது என்று ஆட்சியர் தடை போட்டபோது, சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் பசியாற்றிய மக்களின் பகுதி அது. வழிப்போக்கரை இன்றும் நன்றாகவே நடத்துகிறார்கள்.

கடற்கரை மணலில் கூடாரம் போட அனுமதி கிடைத்தால் மூன்றைக் கவனியுங்கள். அலை கடைசியாக ஒதுக்கிவிட்டுப் போன சருகும் சிப்பியும் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து நன்கு மேலே தள்ளிப் போட வேண்டும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இன்னும் மேலே. இரண்டாவது, படகுகளுக்கும் கடலுக்கும் இடையே ஒருபோதும் படுக்கக் கூடாது. விடியுமுன் மூன்று மணிக்கே தொழிலுக்குப் போகிறவர்கள் இருட்டில் படகை அந்த வழியாகத்தான் தள்ளுவார்கள். மூன்றாவது, ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் என்பதால் வெள்ளை விளக்கைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள். ஆமை வந்தால் அசையாமல் விலகி இருங்கள்.

சைக்கிள்

புதிய சைக்கிள் வாங்கித்தான் போக வேண்டும் என்பதில்லை. ஏழு கியர் உள்ள சாதாரண ஹைபிரிட் சைக்கிளோ, முன்புறச் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிளோ போதும். இரும்புச் சட்டமாக இருந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது பின்சக்கரமும் கேரியரும். சுமை முழுதும் பின்னால் அமர்வதால் பின்சக்கரத்தின் போக்ஸ் கம்பிகள்தாம் முதலில் முறியும். புறப்படும் முன் நல்ல கடையில் கொடுத்து எல்லாக் கம்பிகளையும் சமமாக இறுக்கி, ரிம்மில் பெண்ட் எடுத்து வாங்குங்கள். 36 கம்பி உள்ள சக்கரம் 32 கம்பி உள்ளதைவிடச் சுமைக்கு நல்லது. மாற்றுக் கம்பி வாங்கும்போது பின்சக்கரத்தின் இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் நீளம் வேறு என்பதை நினைவில் வைத்து இரண்டிலும் வாங்கி, சட்டத்தோடு சேர்த்து டேப்பால் ஒட்டிவிடலாம்.

கேரியரைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் சாலை அதிர்வில் மெல்லத் தளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குவதோடு, தினமும் காலையில் அலன் கீயால் ஒரு முறை தொட்டுப் பார்ப்பதைப் பல் துலக்குவதற்கு அடுத்த வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எல்லைக்குள், பின்சக்கரத்துக்கு மேல் எல்லையை ஒட்டியும் முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் காற்றடியுங்கள். உங்கள் டியூப்பில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருந்தால், அதை மோட்டார் சைக்கிள் வால்வாக மாற்றும் சிறு பித்தளை அடாப்டரை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். விரல்நுனி அளவே உள்ள அந்தத் துண்டு இல்லாவிட்டால், பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாயும் சாலையோரப் பஞ்சர் கடையும் உங்களுக்குப் பயன்படா.

இருக்கையின் உயரம் சரியில்லாமல் நெடும்பயணம் போவது முழங்காலைக் கெடுக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம்.

முள்

இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம் சூழ்ந்துகொள்கிறது. வெட்டி அடுக்கிய விறகிலிருந்தும் ஆடுகள் இழுத்துப் போட்ட கிளைகளிலிருந்தும் உதிரும் அதன் முள், காய்ந்தபின் ஆணிபோல் டயரைத் துளைக்கும். இந்தப் பாதையில் பெரும்பாலான பஞ்சர்கள் சாலையில் ஓடும்போது நேர்வதில்லை, ஓய்வெடுக்கச் சாலையை விட்டு இறங்கும்போதே நேர்கின்றன. ஆகவே இறங்க வேண்டுமானால் பேருந்து நிறுத்தத்திலோ கடை வாசலிலோ இறங்குங்கள். வேலமரங்களுக்குள் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் சைக்கிளை உருட்டாமல் தூக்கிச் செல்லுங்கள். டயருக்கும் டியூப்புக்கும் இடையே போடும் லைனர் பட்டை சற்றுக் கனத்தாலும் இங்கே அதன் எடைக்குத் தக்க பயன் தரும்.

பஞ்சர் ஆனவுடன் டியூப்பை மாற்றிவிட்டு ஓட்டத் தொடங்குவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நின்றிருந்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் புதிய டியூப்பும் போய்விடும். டியூப்பை வெளியே எடுத்து, காற்றடித்து, ஓட்டை எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். வால்வு இருந்த இடத்தை அடையாளமாக வைத்து டியூப்பை டயரின்மேல் பொருத்திப் பிடித்தால், டயரில் முள் ஏறிய இடம் தெரிந்துவிடும். பிறகு ஒரு துணியை விரலில் சுற்றி டயரின் உட்புறம் முழுதும் தடவுங்கள்; முள் நுனி துணியில் சிக்கும். அதைச் சிறு இடுக்கியால் வெளிப்பக்கமாக இழுத்தெடுங்கள். ஒட்டுப் போடும்போது டியூப்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் காயும்வரை பொறுத்திருந்து அதன்பின் ஒட்டை அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டியது வெயிலில் நழுவிவிடும். மாற்று டியூப் இரண்டு, ஒட்டுகள், சொல்யூஷன் இரண்டு, டயர் நெம்பிகள், கைப்பம்பு ஆகியவை கட்டாயம். திறந்த சொல்யூஷன் குழாய் சில நாளில் உலர்ந்துவிடும் என்பதால்தான் இரண்டு.

இவற்றோடு 4, 5, 6 மில்லிமீட்டர் அலன் கீகள், செயின் பின் கழற்றும் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, ஒரு பிரேக் கம்பி, ஒரு கியர் கம்பி, ஒரு சோடிப் பிரேக் கட்டை, சிறு குப்பி எண்ணெய், பழந்துணி இருந்தால் வழியில் நேரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம். கடற்காற்றும் மணலும் செயினைத் துருவேற்றும். தினமும் மாலையில் துடைத்து ஓரிரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் சேர்த்துத் தண்ணீர் நீங்கலாக 12 கிலோ என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் இயந்திரத்தில் பைகளோடு ஏறி நின்றும் தனியாக நின்றும் கழித்துப் பார்த்தால் போதும்.

கூடாரம் இரண்டு கிலோவுக்குள், கம்பிகளின் வலுவில் தனித்து நிற்கும் வகையாக இருக்க வேண்டும். மண்டபத் தரையிலும் பள்ளித் திண்ணையிலும் முளையடிக்க முடியாது. மணலில் அடித்தாலும் நிற்காது. மணலில் காற்று அடிக்கும் இரவுகளில், சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, முழ ஆழத்தில் புதைத்துவிட்டால் கூடாரம் அசையாது. உள்ளே கொசுவலை உள்ளதாகப் பாருங்கள். மேல்விரிப்பை மழை இல்லையென்று வீட்டில் விட்டுவிடாதீர்கள். தைமாதப் பனி கடலோரத்தில் மழைபோல நனைத்துவிடும். தூக்கப்பை வேண்டாம், ஒரு பருத்திப் போர்வையும் மடக்கும் பாயும் போதும்.

உடையில், ஓட்டுவதற்கு இரண்டு சோடி, இரவுக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒரு லுங்கியும் ஈரிழைத் துண்டும் போலப் பயனுள்ள உடை வேறில்லை: பம்புசெட்டில் குளிக்க, உடை மாற்ற, பகல் தூக்கத்துக்கு விரிக்க, தலைக்கு வெயில் மறைக்க எல்லாவற்றுக்கும் உதவும். பெண்கள் ஓட்டும் உடைக்குமேல் அணிய ஒரு தளர்ந்த பருத்திச் சுடிதார் வைத்துக்கொண்டால் ஊருக்குள் எங்கும் இயல்பாக இருக்கலாம். பஞ்சுவைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடையின்றி அணிய வேண்டும். தினமும் துவைத்துக் காயவைக்க வேண்டும். தொடை இடுக்கில் புறப்படும் முன்பே தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் உராய்வுப் புண் வராது. புண் வந்தபின் தடவுவதால் பயன் குறைவு.

அடுப்பைப் பற்றி என் கருத்தை உறுதியாகவே சொல்கிறேன்: இந்தப் பாதைக்கு அடுப்பு வேண்டாம். காலை ஆறு மணிக்கு இட்லி கிடைக்காத ஊர் அரிது. அடுப்பு, பாத்திரம், எரிபொருள், மளிகை என்று இரண்டரை கிலோவாவது கூடும். திரும்பும்போது எரிவாயுக் குப்பியை ரயிலில் கொண்டுவரவும் முடியாது. அதற்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவும் ஒரு டம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், மாலையில் சாப்பாடு கட்டி வாங்கவும் அது உதவும். வறண்ட பகுதிக்கு மட்டும் வறுத்த கடலை, பேரீச்சை, கடலைமிட்டாய், அவல் ஆகியவற்றில் அரை கிலோ போதும்.

பக்கப் பைகளில் கருவியும் டியூப்பும் போன்ற கனமானவை அடியில், இடமும் வலமும் எடை சமமாக இருக்கும்படி வைக்கவேண்டும். கூடாரம் கேரியரின்மேல் நீளவாக்கில் கட்டப்படும். பை நீர்புகாதது என்று விற்றிருந்தாலும் உள்ளே கெட்டியான பாலித்தீன் உறை போட்டு அதற்குள் துணியை வையுங்கள். முதுகில் பை மாட்டி ஓட்டவே கூடாது. செல்பேசி, பணம், ஆதார் மூன்றும் ஹேண்டில் பார் பையில் இருந்து, சைக்கிளை விட்டு நகரும்போதெல்லாம் கையோடு வர வேண்டும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்னரே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பத்தாயிரம் மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒன்று, பின்னால் சிவப்பு விளக்கு, மின்னும் மேற்சட்டை, தலைக்கவசம் ஆகியவற்றில் எடையைக் காரணம் காட்டி எதையும் குறைக்காதீர்கள்.

ஒரு இரவு ஒத்திகை

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பாக, அதே பைகளை அதே எடையில் கட்டிக்கொண்டு 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊருக்குப் போய், ஒரு இரவு கூடாரத்தில் தூங்கி, மறுநாள் திரும்புங்கள். சுமையோடு சைக்கிள் எப்படி ஆடுகிறது, பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது, குதிகால் பையில் இடிக்கிறதா என்பவை எல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் பையைத் தரையில் கொட்டி, தொடாத பொருள்களைத் தனியே வையுங்கள். மருந்தும் கருவியும் மட்டுமே தொடாமலிருந்தும் மீண்டும் பைக்குள் போகத் தக்கவை. கூடாரத்தை இருட்டில், கைவிளக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஒருமுறை போட்டுப் பழகுவதும் இந்த ஒத்திகையில்தான்.

தண்ணீர், உடல், நாய்

சைக்கிளில் மூன்று லிட்டர் கொள்ளும்படி குப்பிகள் இருக்கட்டும்; இராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நான்கு. அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது, அடிகுழாயை நம்ப முடியாது. ஊருக்கு ஊர் கிடைக்கும் கேன் தண்ணீர்க் கடையில் குப்பிகளை நிரப்பிக்கொண்டே போக வேண்டும், பாதி இருக்கிறதே என்று தாண்டக் கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நாள் முழுதும் வியர்த்தால் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். உப்பிட்ட மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர் என்று இடையிடையே மாற்றிக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். கைக்கு வந்த அளவில் பாதிப் பாதியாகக் கலக்காதீர்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால், தாகம் தோன்றாவிட்டாலும் நீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட, வண்டியை நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி நின்று, அதட்டிவிட்டு நடந்து செல்வது பெரும்பாலும் பலிக்கும். கடித்தோ பல் பட்டோ விட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். மீதி ஊசிகளை அடுத்தடுத்த ஊர்களில் போட்டுக்கொள்ளலாம், சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். விபத்துக்கு 108. தினமும் மாலையில் தங்குமிடத்தின் பெயரை வீட்டுக்கு ஒரு செய்தியாக அனுப்புவது வழக்கமாக இருக்கட்டும்.

திரும்பி வருதல்

கன்னியாகுமரியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ சைக்கிளை ரயிலில் அனுப்பலாம். உங்கள் பயணச்சீட்டைக் காட்டி அதே வண்டியில் லக்கேஜாகப் பதிவு செய்துகொண்டால் நீங்கள் இறங்கும் ரயிலிலேயே சைக்கிளும் வரும். தனிப் பார்சலாகப் போட்டால் சில நாள் தாமதமாகலாம். பதிவு அலுவலகத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாகவே போய்விடுங்கள். விளக்கு, பம்பு, குப்பி, பைகள் எல்லாவற்றையும் கழற்றி உங்களோடு வைத்துக்கொண்டு, பெடல்களைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பி, சட்டத்தையும் கியர்ப் பகுதியையும் சாக்கு சுற்றிச் சணலால் கட்டுங்கள். பெயர், தொலைபேசி எண், சேருமிடம் மூன்றையும் அட்டையில் எழுதி இரண்டு இடங்களில் கட்டிவிடுங்கள். சாக்கும் சணலும் கோணி ஊசியும் நாகர்கோவில் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம், சென்னையிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. பெடல் கழற்றும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரை மட்டும் கருவிப்பையில் மறவாமல் போட்டுக்கொள்ளுங்கள்.